மாடித் தரைக்கு ஒரு மெத்தை

போடி பஜாரில் இலவம்பஞ்சு வியாபாரம் செய்யும் ஞானசிகாமணிக்கு எதற்கும் பஞ்சுதான் வழி. ஜன்னல் இடுக்கில் காற்று வந்தால் பஞ்சு, பேத்தியின் தொட்டில் சுவரில் இடித்தால் பஞ்சு. கீழே கடையும் கொட்டை பிரிக்கும் மெஷினும், மேலே குடித்தனம். நடுவில் பழைய மரத்தளம்: உத்திரக் கட்டைகள், அவற்றின்மேல் பலகை, அவ்வளவுதான்.

பக்கவாதத்தில் மனைவி இவாஞ்சலினுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. போனை எடுத்தால் நழுவிவிடும். அதனால் இடது கையில் இரும்புப் பூண் போட்ட ஒரு கைத்தடி. ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலில் இருந்தபடியே தரையில் தட்டுவாள். மெஷின் எவ்வளவு இரைந்தாலும் கீழே அவருக்குத் தெரிந்துவிடும். பலகை இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து சட்டைக் காலரில் விழும்.

"மகாராணி கூப்பிடுறாக" என்று தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு மாடியேறுவார்.

ஒருநாள் அவள் அழுதாள். "அந்த மெஷினு என் மண்டைக்குள்ள ஓடுதுங்க. கண்ணசர முடியல."

அன்றைக்கே கொத்தனார் முத்துராஜாவை வரச்சொன்னார்.

"கட்டைக்கு நடுவுல தெர்மகோல் வச்சு, மேல கான்கிரீட் போட்டுருவோம் அண்ணாச்சி. சத்தம் ஏறாது."

"பஞ்சுக்கடைக்காரன் வீட்டுல தெர்மகோலா? ஊரு சிரிக்கும்ப்பா."

"அப்ப கழிவுப் பஞ்சை அடைங்க, போதும்."

"அவ படுக்குற இடம்."

இவாஞ்சலினைக் கம்பத்தில் மகள் ஜாய்ஸ் வீட்டில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். மேல்பலகையைப் பெயர்த்தார்கள். கட்டைகளுக்கிடையே அடிப்பலகை கொடுத்து, முதல்தரப் பஞ்சை ஞானசிகாமணியே உட்கார்ந்து மூலைமூலையாக அடைத்தார். அதன்மேல் புதுப் பலகை தைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, கம்பி வலை வைத்துக் கலவையைக் கொட்டினார் முத்துராஜா.

"வீட்டுக்கே மெத்தை தச்ச ஆளு இந்தப் பஜாருல நீகதான் அண்ணாச்சி."

தரை காய்ந்ததும் ஜாய்ஸ் அம்மாவைக் கூட்டிவந்தாள். மத்தியானம் அயர்ந்து தூங்கி எழுந்த இவாஞ்சலின், "இன்னைக்கு மெஷினு போடலையா?" என்று கேட்டாள்.

"காலையில இருந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு."

கோணிய வாயோடு அவள் சிரித்த சிரிப்பை அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சட்டையில் இப்போதெல்லாம் தூசி விழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஜாய்ஸ் கூடவே இருந்ததால் தடிக்கு வேலையிருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கம்பம் பஸ் ஏறினாள்.

அன்று அவர் இவாஞ்சலினுக்கு இட்லி ஊட்டினார். தடியை அவள் இடது கைப்பக்கம் சாய்த்துவைத்தார். "வேணும்னா தட்டு, ஓடியாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கேரளாவுக்கு லோடு ஏற்றும் நாள். மெஷின் நிற்கவேயில்லை. மேலே அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டோடு மேலே போனார். கட்டிலுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் தடி இருந்தது. தடி முனைக்குப் பக்கத்தில் புதுத் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொத்துத் தடங்கள்.

யார் தரையை இப்படிக் கொத்தினார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் கையிலிருந்த தட்டு விழுந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். "தூக்கத்துலயே போயிட்டாக, குடுத்துவச்சவுக" என்று சபையார் ஆறுதல் சொன்னார்கள். கொத்துத் தடங்கள் இருந்த இடத்தில் அவர் பாயை விரித்துவைத்திருந்தார்.

உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபிறகு தடியை எடுத்து ஜாய்ஸிடம் கொடுத்தார். "மேல போயி அம்மா கெடந்த இடத்துல தட்டும்மா. போனை மட்டும் வச்சிராத."

கடை பூட்டிக் கிடந்தது. மெஷினும் ஓடவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றார். போனுக்குள் டொக் டொக் என்று கேட்டது.

போனைக் காதிலிருந்து எடுத்தார். அண்ணாந்து பார்த்தார். காலரைத் தடவிப் பார்த்தார்.

"பலமாத் தட்டு" என்று கையிலிருந்த போனில் சொன்னார்.

"பலமாத்தான்ப்பா தட்டுறேன்."

"தட்டு."

"கை வலிக்குதுப்பா. கேக்குதா?"

அவர் போனைத் திரும்பக் காதில் வைக்கவில்லை.