அடுத்த லெவல்காரனின் தட்டு

ஆரோக்கியதாஸ் இறந்த செய்தியை ரயில் சிநேகிதர் கிருஷ்ணப்பா போனில் சொன்னபோது நான் பெங்களூர் அலுவலகத்தில் யாரோ எழுதிய விபத்துச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். "தாஸ் போய்ட்டாருங்க. நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிபோச்சி," என்றார். கையிலிருந்த செய்தியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

காலை ரயிலில் அவரோடு பயணம் செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் வீடு, பெங்களூரில் ஸ்டோர் கீப்பர் வேலை, அப்பா சுரங்கத் தொழிலாளி. இது ஊருக்கே தெரியும். பூமிக்கு அடியில் அவர் ஓர் உலகம் வைத்திருந்தது நம் பெட்டிக்கு மட்டும் தெரியும். அவர் கற்பனையில், ஆதியில் ஒரே ஜனம் கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் இறங்கி, ஆளுக்கொரு லெவலில், அதாவது ஆளுக்கொரு ஆழத்துத் தளத்தில், வேலைக்குப் போனது. கயிறு அறுந்தது. யாரும் அடுத்த லெவலுக்குப் போக முடியவில்லை. லெவலுக்கொரு மொழி உண்டானது. அடியில் இருந்தவர்களின் 'வரு' என்ற மொழியில் நிறங்களுக்குப் பெயரே இல்லை. சூட்டுக்கு மட்டும் ஏகப்பட்ட சொற்கள். வருவைத் தனக்கும் மனைவி ஸ்டெல்லாவுக்கும் வைத்துக்கொண்டார். எனக்கு நூகா என்ற மொழியைத் தந்தார். பூதிகோட்டையிலிருந்து வரும் கிருஷ்ணப்பாவுக்குத் தெம்மி.

ஒரு நாள் பெட்டியில் நாங்கள் பேசும் நிஜ மொழிகளில் எது மூத்தது என்று சண்டையே வந்து, கை ஓங்கும் அளவுக்குப் போனது. கிருஷ்ணப்பா நடுவில் புகுந்தார். "அத வுடுங்க சாமி. தாஸு, உங்க உலகத்துல எது மூத்தது? எங்க தெம்மிதானே?"

"மூத்தத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? மூணுக்கும் தாய் தட்டுதான். கயிறு அறுந்தப்போ பேச்சு கேக்கல. ஒருத்தன் பாறையில மூணு தட்டு தட்டுனான். 'நான் இருக்கேன், நீ இருக்கியா'ன்னு அர்த்தம். அடுத்த லெவல்காரன் திருப்பித் தட்டுனான். பாஷ அங்கதான் பொறந்துது."

"சொந்த லெவல்காரனே தட்டுனா?" என்று கேட்டேன்.

"அது எதிரொலி, கணக்குல வராது. செத்தவனக்கூட அடுத்த லெவல்காரன்தான் பெட்டி மேல தட்டி அனுப்பணும்."

சண்டை போட்டவர்களும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் தினமும் ரயிலேறியதும் ஜன்னல் கம்பியில் மூன்று முறை தட்டுவார். கொஞ்ச நாள் நாங்களும் தட்டினோம். கூட்டம் பார்க்கிறதே என்று பிறகு போனுக்குள் குனிந்துகொண்டோம். அவர் நிறுத்தவில்லை.

கல்லறையில் ஜெபம் முடிந்ததும் ஸ்டெல்லா எங்களிடம் வந்தார். "அவர் பாஷையில அவர அனுப்பி வையுங்கண்ணா."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கிருஷ்ணப்பா என்னைப் பார்த்தார். பாஸ்டர், உறவினர்கள், கம்பெனி ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சவப்பெட்டியைத் தட்டினால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். அதற்குள் பெட்டியை இறக்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவிடம் போய், நான் தட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி, அதன் அர்த்தத்தையும் விளக்க ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா," என்றார். "சாயங்காலம் வந்தா கதவ மூணு தட்டுத் தட்டுவாரு. நான் உள்ள இருந்து தட்டுனா, 'நீ நம்ம பாஷ, உன்னுது எதிரொலி'ம்பாரு. அதனாலதான் உங்கள கேட்டேன்."

டீ கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இத்தனை வருடங்களில் நூகாவில் ஒரு சொல்லைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த மூன்று தட்டு மட்டும். திங்கட்கிழமை ஜன்னல் கம்பியில் தட்டினேன். எதிரே கிருஷ்ணப்பா போனை மடியில் வைத்துவிட்டுத் திருப்பித் தட்டினார். பெட்டியில் சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருக்க இப்போது முடிகிறது. அவர் சவப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது முடியவில்லை.