புது மெஷினுக்கு வச்ச எலுமிச்சம்பழம்

எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. எம் மருமக கப்பலூர்ல ஒரு ஜிம்மு, அலங்காநல்லூர்ல ஒண்ணு, இப்ப சமயநல்லூர்ல மூணாவதும் தொறந்துட்டா! அம்புட்டு சந்தோசம் எனக்கு.

தெறப்பு விழாவுல, புது வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி, நடக்குற மெஷினு பட்டையில எலுமிச்சம்பழத்த வச்சேன். நானே ஏறி நின்னு பச்சப் பட்டனையும் அமுக்கிட்டேன். பழம் உருண்டு வந்து எங்காலுக்கடியில நசுங்கிச்சு. கால் வழுக்கி, கம்பியப் புடிச்சுத் தொங்குறேன்! இடுப்பு போச்சுன்னே நெனச்சேன்.

"ஐயோ அத்தே!"ன்னு மருமக ஓடியாந்து, மெஷினுல தொங்குன செவப்புக் கயித்த இழுத்தா. டக்குன்னு நின்னுருச்சு.

"வண்டின்னா பழத்துமேல ஏறிப் போயிரும். இது எங்கிட்டும் போகாதுத்தே, நாமதான் நடக்கணும்!"னு சிரிச்சா.

இப்ப பழத்த வாசப்படியிலயே நசுக்கிடுறேன். அந்தக் கயித்து கிளிப்ப சீலையில மாட்டுன பெறகுதான் மெஷினுல ஏறுறேன். பத்து நிமிசம் கம்பியப் புடிக்காம நடக்குறேன், வந்து பாருங்க!