திரையில் தட்டு மட்டும்

என் தங்கையை விடுதியிலிருந்து அழைத்து வரப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. தொற்று பரவுவதால் மாலைக்குள் அறைகளைக் காலி செய்யும்படி பல்கலைக்கழகம் அன்று காலையில்தான் அறிவித்திருந்தது. படிக்கட்டெங்கும் மெத்தைகளும் வாளிகளும் உருண்டுகொண்டிருந்தன. நான் வருடக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். மூட்டை கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவள் உடைமைகளைச் சீக்கிரமே சுருட்டிவிட்டேன்.

அறைத்தோழி மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குவதால் அவளுக்கு ஆந்தை என்று பெயர். அவள் ஊருக்குப் போகும் சாலைகளை முந்தின நாளே மூடிவிட்டார்கள். போக வழியில்லாததால் அவளை மட்டும் விடுதியிலேயே தங்க விட்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்கு வந்துடேன்டி," என்றாள் தங்கை.

"ஒரு வாரத்துல தொறந்துடுவாங்க. நீ கெளம்பு. அழுது மூஞ்சியக் கெடுத்துக்காத, ஏற்கெனவே சுமார்தான்."

வாரங்கள் போயின. சாலை திறக்கவில்லை.

விடுதியில் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தட்டெடுத்தால் மற்றவளும் எடுத்தாக வேண்டும். முதல் வருடம் வீட்டு ஏக்கத்தில் ஆந்தை சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி மயங்கி விழுந்த பிறகு என் தங்கை போட்ட சட்டம் அது. இப்போது அதே சட்டம் வீடியோ அழைப்புக்கு வந்தது.

நாங்கள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வெகுநேரம் கழித்துத்தான் ஆந்தை எழுவாள். எங்களோடு ஒருமுறை சாப்பிட்ட தங்கை, அவளுக்காக மறுபடி தட்டோடு உட்காருவாள். இரவுச் சாப்பாட்டிலும் அப்படியே. பிறகு இருவரும் சேர்ந்து தொடர் பார்க்கும்போது பிஸ்கட். காலையில் வகுப்புக்கு மடிக்கணினி, அது முடிந்தால் கைப்பேசி. கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடப்பதுதான் அவளுக்கு நாள் முழுவதற்குமான நடை.

"இப்பத்தான் புள்ள ஆளாட்டம் இருக்கா," என்று முதலில் பூரித்துப்போனது அம்மாதான். பிறகு ஒருநாள் கால்சட்டைப் பொத்தான் மாட்ட மறுத்தது.

"துணி சுருங்கிடுச்சும்மா."

"எல்லாத் துணியும் சொல்லி வெச்ச மாதிரியா சுருங்கும்?"

அன்றிலிருந்து அறைக்கதவு சாத்தியே கிடந்தது. வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டாள். ஆந்தையிடமும் முகம் காட்டுவதில்லை. தட்டு மட்டும் தெரியும்படி கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"விட்டுடேன்டி. ரெண்டாவது தடவ எதுக்கு?" என்று கேட்டேன்.

"நான் விட்டா அவளும் விட்டுடுவாக்கா. அவ விழுந்து கெடந்தத நீ பாக்கல. அங்க இப்ப தூக்கி விடக்கூட ஆளில்ல."

வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த நான், ஒரு மாலை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் ஆந்தையின் தட்டும் கையும் மட்டும் தெரிந்தன. கரண்டி நிறைந்து மேலே போனது. நிறைந்தபடியே கீழே வந்தது. மறுபடியும் அப்படியே.

நான் தங்கையின் தோளை இடித்துக் காட்டினேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மூஞ்சியக் காட்டுடி."

கரண்டி அப்படியே நின்றது. "நீ மொதல்ல காட்டு."

தங்கை என்னைப் பார்த்தாள். ஊரிலுள்ள அத்தனை பேரிடமிருந்தும் மறைத்து வைத்திருந்த முகம் அது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பேசியை நிமிர்த்தினாள். அந்தப் பக்கமும் திரை அசைந்தது. ஆந்தையின் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி," என்றாள் ஆந்தை. "என் பங்கையும் சேத்து நீயே தின்னுட்டியா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை.

"தனியா இருந்தா தொண்டைல எறங்கலடி. சொன்னா நீயும் சாப்பிடாம கெடப்பேன்னுதான் சும்மா கரண்டிய ஆட்டிட்டிருந்தேன்."

கதவருகே நின்ற அம்மா உள்ளே வந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டார். "அழுதது போதும், ரெண்டு பேரும். உங்க வார்டன் நம்பரக் குடும்மா."

"ஐயோ, வேணாம்மா. திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணும்ல?"

வார்டன் திட்டவில்லை. கீழ்த்தளத்தில் அவரும் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாளிலிருந்து காலியான உணவுக்கூடத்தின் நீண்ட மேசையில் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் ஆந்தை. சாப்பிட்டு முடித்த பிறகே தங்கையை அழைப்பாள். தங்கை என்னோடு மொட்டை மாடியில் மூச்சு வாங்க நடந்துகொண்டே பேசுவாள். எடை கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் தங்கிவிட்டது. பழைய கால்சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

சாலைகள் திறந்தன. இருவரும் படித்து முடித்தார்கள். வேலைகள் வந்தன, அழைப்புகள் குறைந்தன. ஆந்தை சரியாகச் சாப்பிடுகிறாளா என்ற கவலை மட்டும் தங்கையை விடவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாள் என்று கேட்காமலே இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம் ஆந்தையிடமிருந்து வந்த செய்தியை என்னிடம் நீட்டினாள்:

"புது ஆபீஸ்ல மொத நாள். கேன்டீன்ல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. தனியா உக்காந்து சாப்பிட்டேன். போன வெளிய எடுக்கவே இல்ல. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினேன்டி."