முதல் கவளம்

சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு குடியானவர் வீட்டு மருமகள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மாட்டுக்குத் தவிடு கரைத்த கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கொலைக்கதை எழுதினேன். ஆமாம், கொலைக்கதைதான். பக்திக் கதை எழுதினால் என்ன என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்கு அது வராது, போங்கள்.

எழுத்து நடந்த இடம் பருத்தி மூட்டை அடுக்கிய அறை. காட்டுக்குக் கஞ்சி போனதும் உள்ளே புகுந்தால், மத்தியான உலை வைக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தனைத் துரத்திக்கொண்டிருப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் வீட்டுக்காரர் சேலத்தில் தங்கிப் படித்தவர். வெள்ளைக்காரன் எழுதிய துப்பறியும் புத்தகங்களை அங்கேயிருந்து வாங்கி வந்து, படித்து, எனக்குத் தமிழில் சொல்லுவார். நான் பனிமூட்டத்தையும் சாரட்டு வண்டியையும் தூக்கிப் போட்டுவிட்டு, கிணற்றையும் சோளக்காட்டையும் வைத்துக்கொள்வேன். வெல்லம் கட்டி வந்த பழைய பேப்பரில் கோர்ட்டுச் செய்தி இருந்தால் பிசுக்கோடு எடுத்து வைப்பார். எழுதிய அத்தியாயத்தை முதலில் கேட்பவரும் அவர்தான். இப்படி ஒரு புருஷன் எவளுக்கு வாய்ப்பான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கதை என்றால் உயிர். அந்த வருஷம் சென்னைப் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் வந்துகொண்டிருந்த என் கதையில், ஒரு மருமகள் மாமியாருக்கு அரளி விதையை அரைத்து வைப்பாள். பயந்து பயந்துதான் அத்தையிடம் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி.

"ஏஞ்சாமி, களியில வெச்சா நாக்குல தட்டுப்படும். புளிக்கொழம்புல வெய்யி, ஒறப்புல ஒண்ணுந் தெரியாது."

"சரிங்கத்தை."

"கெழவி பொசுக்குன்னு சாவக் கூடாது. ரெண்டு மாசம் இழுக்கட்டும்."

அவர் சொன்னபடியே எழுதினேன். அரளியைப் பற்றிப் பக்கத்து ஊர் வைத்தியரிடம் கேட்டபோது, அவர் பதில் சொல்லிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதைக்குங்க" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் கோடையில் கிணறெல்லாம் தரை தட்டிவிட்டது. திருச்செங்கோட்டுத் தேருக்குப் போய்வந்தவர்களில் சிலருக்கு வாந்திபேதி கண்டது. அத்தையும் போய்வந்தவர்தான். விடியக் கருக்கலில் பிடித்துக்கொண்டது, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மடியில்தான் உயிர் போனது. பேதிச் சாவை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று மணியக்காரர் நின்று விரட்ட, அன்றைக்கே எரித்தார்கள். முந்தின நாள் நான் வைத்தது புளிக்குழம்பு.

அந்த வாரமே பத்திரிகை வந்தது. வழக்கம்போல் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊருக்கு வாசித்தார். மருமகள் அரளி விதை அரைக்கிற இடம் வந்ததும் யாரும் அப்புறம் என்று கேட்கவில்லையாம். ஒவ்வொருத்தராக எழுந்து போய்விட்டார்களாம். வைத்தியர் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வாசலில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பண்ணையாட்கள் கஞ்சிக்கலயத்தை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்தார்கள். நான் தெருவில் போனால் பேச்சு நின்றது. என் நங்கை, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, மாரில் அடித்துக்கொண்டு நடு வாசலில் நின்று கேட்டார்: "பேதின்னா எங்கம்மா மட்டும் ஏண்டா போனா? எதுக்கு அத்தனை அவசரமா எரிச்சீங்க? இவளை அவங்கம்மா ஊட்டுக்கே தாட்டி உடு. புள்ள இங்கயே இருக்கட்டும்."

மேலத்தெருவில் பேதியில் இன்னும் இரண்டு பேர் போயிருந்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் மகளுக்கு அப்போது நாலு வயசு. அவளைப் பிடுங்கிக்கொண்டு என்னை வண்டியேற்றினால், கொலைகாரி என்ற பேரோடு எந்த வீட்டுப் படியை நான் மிதிப்பது?

நான் இருப்பதா போவதா என்பது கருமாதி அன்றைக்குத் தீர்மானமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். சமையல் முழுக்க என் தலையில். பந்தியில் நானே பரிமாறினேன். அத்தனை இலையிலும் சோறு ஆவி பறந்தது, ஒரு கை அதில் படவில்லை. ஈதான் உட்கார்ந்து எழுந்தது. நங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசச்சட்டியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தார். "ஊத்து புள்ள" என்றார். பிசைந்து, எல்லோரும் பார்க்க வாய் நிறையத் தின்றார். "எம்பொண்டாட்டி கையப் பத்தி எனக்குத் தெரியும். திங்கறவன் தின்னு. இல்லீன்னா எந்திரிச்சு நட."

கைகள் ஒவ்வொன்றாக இலைக்கு இறங்கின. நங்கைகூட அழுதுகொண்டே சாப்பிட்டார். என்னைத் தாட்டி விடுகிற பேச்சு அத்தோடு அடங்கியது. பருத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மனுஷன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எழுதுவதை விட்டுவிடுகிறேன் என்றபோதும் அவர் விடவில்லை. "நிறுத்துனா நெசம்னு ஆயிரும். எழுது" என்றார். எழுதினேன்.

சில மாசம் கழித்துத்தான் எனக்கு அது தட்டுப்பட்டது. சாப்பிட உட்காருமுன் என் வீட்டுக்காரர், "பாப்பா சாப்பிட்டாளா?" என்பார். அவளுக்குக் காரம் ஆகாதென்று பருப்பும் மோருமாக நான் தனியே பிசைவது வழக்கம். அது வேண்டாம், நாம் தின்பதையே அவளும் தின்னட்டும் என்றார். மடியில் உட்கார வைத்து, தன் சாப்பாட்டு வட்டிலிலிருந்து முதல் கவளத்தை அவளுக்கு ஊட்டுவார். அவள் மென்று விழுங்கி, கொஞ்ச நேரம் விளையாடி, இன்னொரு வாய் கேட்கும்போதுதான் அவர் கை தன் வாய்க்குப் போகும். பார்த்தவர்கள், புள்ளை மேல் என்ன பாசம் என்றார்கள். நானும் அப்படித்தான் பூரித்துப் போயிருந்தேன்.

கொலைக்கதை எழுதுகிற புத்தி சும்மா கிடக்குமா? கவனித்தேன். கடைப் பொரி வந்தால் அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நங்கை வீட்டுப் பந்தியில் பாப்பா எங்கே என்று திரும்பியும் பார்க்கமாட்டார். என் கை பட்ட சோற்றுக்குத்தான் பாப்பா வேண்டும். அடி பாவி, என்னவெல்லாம் நினைக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் பாப்பாவுக்குக் காய்ச்சல். கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். காட்டிலிருந்து வந்தவருக்கு வட்டில் வைத்து, சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன்.

"பாப்பா சாப்ட்டாளா?"

"காய்ச்சலுங்க மாமா. கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கறா. நீங்க சாப்பிடுங்க."

பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். விடிகாலையிலிருந்து வேலை செய்த மனுஷன், பசி கண்ணில் தெரிந்தது. கவளத்தை உருட்டினார், வட்டிலிலேயே வைத்தார்.

"எழுப்பு புள்ள. ஒரு வாய் எங்கையால ஊட்டறேன்."

குரலில் அத்தனை அன்பு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெற்ற பிள்ளைக்கு நான் விஷம் வைக்கமாட்டேன் என்பதை மட்டுந்தான் இவர் நம்புகிறார். என்னை நம்பவே இல்லை. சந்தேகம் நெசமாகவே இருந்துவிட்டாலும், முதலில் போவது என் மகள்.

எங்கள் பக்கம் புருஷன் தின்று எழுந்த வட்டிலில்தான் பொண்டாட்டி சாப்பிடுவாள். அவள் எச்சிலை அவன் தொடுவது நடக்காத காரியம். நான் பாப்பாவை எழுப்பவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் வட்டிலில் கையை விட்டு, அவர் உருட்டி வைத்த கவளத்தை எடுத்து என் வாயில் போட்டேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அவர் என் தொண்டையைப் பார்த்தார். விழுங்கினேன். இன்னொரு கவளம் எடுத்தேன், அதையும் பார்த்தார். அப்புறம் வட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேகவேகமாகத் தின்றார்.

"கொழம்பு நல்லா இருக்குது புள்ள" என்றார்.