தம்பி வயிறும் இரண்டு தேன்பெட்டிகளும்

எனக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். பால்காரர் பத்து நிமிடம் பிந்தினால், வழியில் தண்ணீர் கலக்க நின்றிருக்கிறார் என்று நினைப்பேன். குற்றாலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே அருவியில் குளித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதனால், கல்யாணமான நாலாவது மாதத்தில் தம்பி என்னிடம் பேச்சைக் குறைத்தபோது, அவன் பொண்டாட்டி அவனுக்கு மருந்து வைத்துவிட்டாள் என்ற முடிவுக்கு வர எனக்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

மருந்து வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள். அது வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் அந்த ஆளுக்குக் கூடப்பிறந்தவர்களெல்லாம் வேற்றாளாகிவிடுவார்கள். அவளுக்கோ ஊர் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை. பேச்சில் அங்கங்கே ஒரு மலையாளச் சொல் வந்து விழும். இதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டங்களில் நானும் அவனும் சேர்ந்து தேன்பெட்டி வைத்திருக்கிறோம். சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போட்டு விற்போம். அவன் தென்காசியில் வீடு பார்த்துத் தனியாகப் போய்விட்டாலும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு என் வீட்டில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அவள் பறித்துக்கொள்வாள் என்பதுதான் என் பயம்.

இப்படி வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிற ஆள் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவரிடம் போகலாம் என்று தம்பியைக் கூப்பிட்டேன்.

"எக்கா, ஒனக்கென்ன கிறுக்கா? ரசமே ஒழுங்கா வைக்கத் தெரியாது அவளுக்கு. மருந்து வைக்கப் போறாளாக்கும்" என்று சிரித்தான். நான் விடாமல் சொன்னதும் கோபப்பட்டான். உள்ளே இருக்கிற மருந்துதான் கோபப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வராவிட்டால் என்ன, நானே போனேன். அந்த ஆள் ஒரு பொட்டலம் கொடுத்தார். மாற்று மருந்தாம். சாம்பல் நிறத்தில் பொடி. வாரம் ஒரு சிட்டிகை, ஆளுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். மீன் குழம்பில் என்ன போட்டாலும் தெரியாது. மூன்றாவது ஞாயிறு "வயிறு சரியில்லக்கா" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். நாலாவது ஞாயிறு வரவேயில்லை. அவள் கைவரிசை முற்றிவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அதே சமயத்தில் பெட்டியிலும் ஒரு சங்கடம். கூட்டம் பெருத்துப் பறந்துபோகிற நிலையில் இருந்த ஒரு பெட்டியை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். புதுப்பெட்டியில் ராணி அமையவில்லை, தேனீயாக வளர வேண்டிய புழுக்களும் சாகத் தொடங்கின. மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் கேப்சூல் வாங்கி, பிரித்துச் சீனிப் பாகில் கொட்டி, அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு வாரம் வைத்தேன். மனுசருக்குக் கேட்கிற மாத்திரை தேனீக்குக் கேட்காதா என்பது என் கணக்கு. இங்கே பெட்டி வைத்திருக்கிற பலருக்கும் அதே கணக்குத்தான். அப்படியும் தேறவில்லை. சரி, பழையபடி தாய்ப்பெட்டியோடு சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்டி வாசலில் காவல் தேனீக்கள் நிற்கும். வருகிறவளை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடும். எனக்குத் தேனீயைப் பிடித்துப்போனதே அந்தக் குணத்தால்தான். அதனால் ஒரு பெட்டியின்மேல் இன்னொன்றை வைக்கும்போது நடுவே செய்தித்தாளை விரித்து, ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டுவிடுவோம். இரண்டு பக்கமும் தாளைக் கடித்து வழி உண்டாக்குவதற்குள் வாசனை பழகிவிடும். இதுவோ ஒரே தாய் பெற்ற கூட்டம், பிரிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. தாளே தேவையில்லை என்றுகூட நினைத்தேன்; இருந்தாலும் முறைப்படி தாளை விரித்துத்தான் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் போனால் புல் தெரியவில்லை, அவ்வளவு தேனீக்கள் செத்துக் கிடந்தன. ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. போன் போட்டதும் தம்பி பைக்கில் வந்தான், அவளும் வந்தாள். வந்தவள் குனிந்து, செத்த தேனீக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சின்ன பாட்டிலில் போட்டாள். நான் இதற்குத்தானே காத்திருந்தேன்.

"ஏட்டி, அத எதுக்கு எடுக்க? யாருகிட்டக் கொண்டு குடுக்கப் போற?"

"இல்ல மைனி, சும்மா..."

"எந்தம்பி வயித்துல வச்சது பத்தாதுன்னு எம்பெட்டியிலயும் வச்சிட்டியா?"

அவள் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள். தம்பிதான் பேசினான். "போதும்க்கா. இனிமே நாங்க இங்கன வரல."

பைக் சத்தம் மறையும்வரை நின்றேன். நான் சொன்னது சரி என்ற திமிர் அப்போதும் குறையவில்லை.

எட்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் மட்டும் பஸ்ஸில் வந்தாள். தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. அவள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். செத்த தேனீக்களைத் தன் பழைய டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"வெசம் எதுவும் இல்லையாம் மைனி. டீச்சர் ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னாங்க. பெட்டிக்கு ஏதும் மாத்திரை குடுத்தீங்களா?"

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்தச் சீக்குக்கு அந்த மாத்திரை கேக்காதாம். தேனீ வயித்துக்குள்ள நல்ல கிருமி குடியிருக்குமாம் மைனி. அதோட உடம்பு வாசனைக்கும் அந்தக் கிருமிக்கும் சம்பந்தம் இருக்குதாம். வாசனைய வச்சுத்தான் இது நம்ம ஆளு, இது வேத்தாளுன்னு கண்டுபிடிக்குமாம். மாத்திரை கிருமியக் கொன்னுட்டா, கூடப்பெறந்ததையே தெரியாமப் போயிரலாம். உறுதியாச் சொல்ல முடியல, ஆனா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதாங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்க தம்பி வயித்துக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லங்காங்க. இங்கன சாப்பிடாம இருந்ததுலேருந்து நல்லாத்தான் இருக்காவ."

அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடச் சந்தேகப் பழக்கமும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

அவள் போனதும் புளிப் பானைக்குப் பின்னால் இருந்த பொட்டலத்தை எடுத்தேன். இந்தக் குடும்பத்தில் அடுத்தவர் வயிற்றில் தெரியாமல் எதையாவது போட்டது நான் ஒருத்திதான். மறுநாளே தென்காசிக்குப் போய் இரண்டு பேர் முன்னாலும் பொட்டலத்தை வைத்துச் சொல்லிவிட்டேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள்தான், "இதக் குடுங்க மைனி, டாக்டர்ட்ட காட்டணும்" என்று வாங்கிக்கொண்டாள். டாக்டர் திட்டிவிட்டு, இனி பயமில்லை என்றாராம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அவள் கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்க வேண்டும். மீன் குழம்பு வைத்திருந்தேன். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினேன். பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"நீயும் ஒக்காருக்கா. சேந்து சாப்பிடுவோம்."

அவன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து, அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். அது அவனுக்குத் தெரியாதா? உட்கார்ந்தேன். அதே சட்டியிலிருந்து எனக்கும் ஊற்றிக்கொண்டேன். நான் முதல் வாயை எடுத்து விழுங்கும்வரை அவன் கை இலையிலேயே இருந்தது.