தயிர்ச்சட்டியில் ஒரு விரல்

2023 ஜூன் 12ஆந் தேதி, கிண்ணியாவின் எருமைத் தயிர் வியாபாரி சுஹைரா, வயது 41, எங்கள் உணவுக்குழாய் ஒவ்வாமை ஆய்வில் சேர்ந்தார். விழுங்கும் சோறு அவருக்கு நெஞ்சில் சிக்கியது. இழையப் பரிசோதனையில், ஒவ்வாமையைக் காட்டும் ஈசினோபில் கலங்கள் 52. பதினைந்துக்குக் கீழே இறங்க வேண்டும்.

ஆறு வாரம் பாலுணவை நிறுத்திய பிறகும் 49. பாலில் பிழையில்லை என்று நிம்மதியடைந்தவரின் வீட்டுக்குப் போனேன். விற்குமுன் ஒவ்வொரு சட்டியிலும் விரல் தொட்டு நாவில் வைத்தார்.

“ராத்தா, இதுவும் பால்தானே?” என்று கேட்டேன்.

“புளிப்புப் பார்க்கிறது சாப்பாடா, தங்கச்சி?”

“இன்னும் ஆறு கிழமைக்கு விரல் வைக்க ஏலாது.”

“அப்ப இவர்தான் பார்க்கணும். இவருக்குச் சுண்ணாம்பு குடுத்தாலும் நல்லம் எண்டுவார்!”

கணவர் முனீப் சிரித்தார். சுஹைரா சிரிக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால், தன் தயிரை இனி அவர் ருசிக்கவே முடியாது. அந்த வாரங்களில் சட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ருசி பார்க்கும் முனீபின் முகத்தையே பார்த்தார்.

செப்டெம்பர் 18ஆந் தேதிப் பரிசோதனையில் ஈசினோபில் கலங்கள் 4.