பின்சீட்டுடன் பணகுடிக்கு

ஆனி மாதக் கடைசி நாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வடசேரியிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். போக வேண்டிய ஊர் பணகுடி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பதினேழு மைல் சொச்சம். வைகாசியில் அங்கே கட்டிக்கொடுத்த என் ஒரே மகள் பகவதியை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் ஆடியான தலை ஆடிக்கு மகளை அழைத்துவந்து மாதம் முழுக்க வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்காகத்தான் இந்தச் சைக்கிளையே கட்டினேன்.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பஸ் புகை பட்டால் பகவதிக்குக் குடலே வெளியே வந்துவிடும். மறுவீட்டுக்குப் போனபோது தோவாளை தாண்டுவதற்குள் அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. தையல் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு பொங்குகிறவனும் நான், தின்கிறவனும் நான், உப்பு இல்லை என்று குறை சொல்கிறவனும் நான். அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் கடைக்கு எதிரே தாசையனின் சைக்கிள் கடை. மலை எஸ்டேட்டில் ஓடிய பழைய சீமை பிரேம் ஒன்று அவனிடம் பெயின்ட் உரிந்து கிடந்தது. அதைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினோம். கணீரென்றது. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். முன் சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி, பாரம் தாங்குகிற பின் சக்கரத்துக்கு நாற்பது. டைனமோ விளக்கு சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், வேண்டாம் என்றேன். தாசையன் காட்டிய கேரியர் கையால் அமுக்கியதுமே நெளிந்தது. கொல்லனிடம் கெட்டிக் கம்பியில் ஒன்று அடித்து வாங்கினேன். ஒரு பக்கமாகத்தானே உட்காருவாள். கால் வைக்க இடது பக்கம் ஒரு பட்டையும் வைத்தான். காக்கித் துணியில் தேங்காய் நார் அடைத்து, இரட்டைத் தையல் போட்டு மெத்தையை நானே தைத்தேன்.

சண்டை வந்தது பல்சக்கரத்தில். முன்னால் நாற்பத்தெட்டுப் பல்லுக்குக் குறைந்தால் எங்கள் ஊரில் கிழவன் சைக்கிள் என்பார்கள். நான் முன்னால் சிறியது, பின்னால் பெரியது கேட்டேன். வேகம் வராது, ஆனால் மிதி லேசு.

"வே டெய்லரே, இதப் போட்டா தையல் மிஷினு மாதிரில்லா கால் பறக்கும். பாக்கவன் சிரிப்பான்," என்றான் தாசையன்.

"நான் நாள் பூரா அதைத்தானவே மிதிக்கேன்? பேசாம மாட்டு."

காரணம் காற்று. அந்த மாதங்களில் கணவாய்க்குள் மேற்கிலிருந்து கிழக்கே பேய்க்காற்று அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளும். வரும்போது நெஞ்சில் அறையும். வரும்போது நாங்கள் இரண்டு பேர். முழுச் சைக்கிளையும் திரும்பி வருவதற்காகவே கட்டினேன்.

ஒழுகினசேரி, வெள்ளமடம் தாண்டித் தோவாளையில் பிச்சிப்பூ வாங்கினேன். ஆரல்வாய்மொழியில் எல்லைச் சோதனை. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அந்தப் பக்கம் சென்னை மாகாணம், இந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. போலீஸ்காரர் என் மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள என்னவே? அரிசியா?"

"நாருதான் ஐயா. மகளக் கூட்டியாரப் போறேன். அவ இருக்கதுக்கு."

"இந்தக் காத்துலயா? உமக்கு என்ன, வட்டு பிடிச்சிருக்கா?" என்று சிரித்துக்கொண்டே விட்டார்.

முப்பந்தலில் இசக்கியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அதற்கப்புறம் பெடலுக்கு வேலையே இல்லை. காவல்கிணறு தாண்டி, வெயில் ஏறுமுன் பணகுடி வந்துவிட்டேன்.

கதவைத் திறந்த பகவதியின் கையில் எண்ணெய்க் கிண்ணம். உள்ளே கட்டிலில் சம்பந்தியம்மாள். முந்தின நாள்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிருந்தது. மருமகன் வைத்தியரைத் தேடிப் போயிருந்தார்.

"எப்பா, நான் எப்படி வாறது? அத்தைக்கு ஒரு வாய் வெந்நி வச்சுக் கொடுக்க வேற ஆளு கெடையாது."

"அங்க எனக்கு வெந்நி வைக்க யாரு இருக்கா?" என்று கத்திவிட்டேன். வாய் தவறி வந்ததல்ல. இரண்டு மாதமாக உள்ளே கிடந்தது வந்தது. பகவதி அழுதாள்.

"போயிட்டு வா பிள்ளே, நான் கெடந்துக்கிடுவேன்," என்றாள் சம்பந்தியம்மாள். சொல்லிக்கொண்டே புரளப் பார்த்தவளின் முகம் வலியில் கோணிப்போயிற்று.

"நீ இரு மக்கா," என்றேன்.

சாப்பிட்ட பிறகு பகவதி வாசலுக்கு வந்து மெத்தையைத் தடவிப் பார்த்தாள். "எனக்காப்பா தச்சிய?" என்றாள். பிறகு, "ஒரு சுத்து கொண்டு போங்க."

தலையில் பிச்சிப்பூவோடு ஏறி உட்கார்ந்தாள். தெருவில் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். குளக்கரையில் மேற்கே திரும்பியதும் காற்று மோதியது. நடக்கிற வேகம்தான், ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. "நிக்கவே இல்லியேப்பா!" என்று சிரித்தாள். கரை முடிகிற இடத்தில் காவல்கிணற்றுச் சாலை. இப்படியே ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள், என் சட்டையைப் பிடித்த கை இறுகியது. கொஞ்சம் கழித்து, "அத்தைக்கு எண்ண தடவணும்," என்றாள். திருப்பினேன். காற்று பின்னாலிருந்து தள்ளி, மிதிக்க விடாமல் அந்த வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டது.

மத்தியானம் தனியாகக் கிளம்பினேன். கணவாயில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு காற்று எதிரே வந்தது. இரண்டு பேருக்கென்று போட்ட பல்லல்லவா, ஒற்றை ஆளுக்குக் கால் சும்மா பறந்தது. வேறு சைக்கிள்காரர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் வலியே இல்லாமல் ஏறி வந்தேன். கொஞ்சமாவது வலித்திருக்கலாம். கண்ணில் மண் விழுந்தது என்று எழுதலாம், எதற்குப் பொய்? அழுதுகொண்டுதான் வந்தேன்.

சோதனைச் சாவடியில் அதே போலீஸ்காரர். காலி மெத்தையைப் பார்த்தார். அமுக்கவில்லை. "போவும்வே," என்று மெதுவாகச் சொல்லித் தடுப்பைத் தூக்கினார்.

வடசேரியில் சந்தை கலைந்துகொண்டிருந்தது. பணகுடியில் குளக்கரை மண் காதுக்குள் போகிறது; இங்கே ஒரு இலை அசைந்தாலே காற்று என்கிறோம். தாசையன் கடையை அடைக்காமல் காத்திருந்தான். பின்சீட்டைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். துணியை எடுத்துச் சங்கிலியைத் துடைத்தான்.

"ஒத்த ஆளுக்கு இது சரிப்படாதுவே. நாளைக்கு நாப்பத்தெட்டு மாட்டிரட்டா?"

"வேண்டாம். இதே கெடக்கட்டும்."

"என்னத்துக்கு?"

"வாற ஆடிக்கும் காத்து இப்படித்தானவே அடிக்கும்."

தலை ஆடிக்கு மட்டும்தான் அழைப்பு என்பது அவனுக்கும் தெரியும். அவனும் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தவன். சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தந்தான்.